எங்கே விழும் என்று கேட்டவர்கள்

1979 ஜூலை. டெல்லியில் மொரார்ஜி தேசாயின் ஆட்சி ஆட்டம் கண்டிருந்த நாட்கள். தொலைக்காட்சி சில பெரிய நகரங்களைத் தாண்டாத காலம். தெருவுக்கு ஒரு வானொலிப் பெட்டி, டீக்கடைக்கு ஒரு செய்தித்தாள், ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பது என்று செய்தி நடந்து வந்த காலம். அந்த வழியிலும் ஓர் அமெரிக்கப் பெயர் இந்தியக் கிராமங்கள் வரை வந்து சேர்ந்தது: ஸ்கைலாப். சுமார் 77 டன் எடையுள்ள விண்வெளி நிலையம் ஒன்று விழப்போகிறது. எந்த நாளில், எந்த நேரத்தில் என்பது உறுதியில்லை. எங்கே என்பது யாருக்கும் தெரியாது.

தெலங்கானாவின் கிராமங்களில் அந்த நாட்களை வாழ்ந்து கடந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நாளைக்கு இருப்போமா தெரியாது என்று ஆட்டையும் கோழியையும் அடித்துச் சமைத்துச் சாப்பிட்ட குடும்பங்கள், சேர்த்து வைத்ததைச் செலவழித்தவர்கள், கோவிலே கதி என்று கிடந்தவர்கள் என்று கதைகள் நீள்கின்றன. பண்டலிங்கம்பல்லி என்ற கிராமத்தை வைத்து 2021இல் ‘ஸ்கைலாப்’ என்றே ஒரு தெலுங்குப் படம் வந்தது. நாற்பது ஆண்டு கழித்தும் படம் எடுக்கும் அளவுக்கு அந்தப் பயம் மக்கள் மனதில் தங்கியிருந்திருக்கிறது.

இந்தக் கதைகளைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சிரிக்கிறார்கள். படிப்பறிவில்லாதவர்கள் ஏமாந்து போனார்கள் என்பதுபோல அது சொல்லப்படுகிறது. என்னால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. அந்தக் கிராமத்தார் கேட்டது ஒரே கேள்வி: எங்கே விழும்? அதே கேள்வியைத்தான் நாசாவின் பொறியாளர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களிடமும் விடை இல்லை. சிதறும் துண்டுகளில் ஏதாவது ஒன்று உலகில் யாராவது ஒருவரைத் தாக்குவதற்கு 152இல் ஒரு வாய்ப்பு உண்டு என்று நாசாவே கணக்கிட்டுச் சொன்னது. அது புறக்கணிக்கத்தக்க எண் அல்ல.

ஸ்கைலாப் ஏன் விழும் நிலைக்கு வந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பின்னால் வந்த எல்லா நிகழ்ச்சிகளுக்கும் அதில்தான் வேர் இருக்கிறது. 1973 மே 14 அன்று சாட்டர்ன் 5 ராக்கெட்டில் அது ஏவப்பட்டது. மூவர் மூவராக மூன்று குழுக்கள் போய், மொத்தம் 171 நாட்கள் அதில் தங்கின. கடைசிக் குழு 1974 பிப்ரவரியில் திரும்பியது. பூட்டிவிட்டு வந்த வீடு போல நிலையம் மேலேயே நின்றது. புதிதாகக் கட்டப்பட்டுவந்த விண்வெளி ஓடம் 1979இல் பறக்கத் தொடங்கிவிடும், அது போய் ஸ்கைலாபை உயரத் தள்ளிவிடும் என்பது திட்டம். ஓடம் தாமதமாகி 1981 ஏப்ரலில்தான் முதன்முதலாகப் பறந்தது. இதற்கிடையே சூரியன் எதிர்பார்த்ததைவிட உக்கிரமாக இருந்தது. சூரியனின் கொந்தளிப்பு கூடும்போது பூமியின் மேல் வளிமண்டலம் சூடேறி உப்புகிறது. பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மிக மெல்லிய காற்று அடர்த்தியாகிறது. அந்தக் காற்று உரசி உரசி நிலையத்தின் வேகத்தைத் தின்றது, நிலையமும் இறங்கிக்கொண்டே வந்தது.

ஆக, விழுந்ததற்கு விதி காரணமல்ல. பயன் முடிந்த பிறகு இதை எப்படிப் பத்திரமாக இறக்குவது என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளாமல் 77 டன்னை மேலே அனுப்பியிருந்தார்கள். இறக்கத் தேவையான உந்துவிசை அமைப்பு அதில் இல்லை.

உலகம் முழுவதும் அந்த வாரம் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் இலக்கு வட்டம் வரைந்த சட்டைகளும் தொப்பிகளும் விற்றன, விருந்துகள் நடந்தன. சான் பிரான்சிஸ்கோவின் ‘எக்ஸாமினர்’ நாளிதழ், விழுந்த 72 மணி நேரத்துக்குள் ஒரு துண்டை முதலில் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்தது. பிலிப்பைன்ஸில் அதிபர் மார்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றி மக்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவில் காவல் துறை உஷார்படுத்தப்பட்டது. செய்தி எந்த மொழியில், யார் வாயிலிருந்து, எவ்வளவு விளக்கத்தோடு வந்தது என்பதைப் பொறுத்து அது ஓரிடத்தில் திருவிழாவாகவும் இன்னோரிடத்தில் பிரளயமாகவும் ஆனது. நிலையத்தைச் செய்தவர்களின் நாட்டில் சிரிப்பதற்குத் தைரியம் இருந்தது. அதைப் பற்றி எந்த முடிவிலும் பங்கில்லாத ஊர்களில் அந்தத் தைரியத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஜூலை 11 அன்று, கடைசிச் சுற்றுகளில், ஹூஸ்டனிலிருந்து கட்டளை அனுப்பி நிலையத்தைக் குட்டிக்கரணம் போட வைத்தார்கள். சுழல்வதால் காற்றின் தடை மாறும், விழும் இடம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தெற்கே கடலில் அமையும் என்பது எண்ணம். ஆனால் நிலையம் நினைத்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தது. இந்தியப் பெருங்கடலைத் தாண்டி மேற்கு ஆஸ்திரேலியாவில், எஸ்பரன்ஸ், பல்லடோனியா, ராலினா பக்கத்துப் புதர்க்காடுகளில் அதன் துண்டுகள் இறங்கின. அங்கே நள்ளிரவு தாண்டிய நேரம். யாருக்கும் காயமில்லை. எஸ்பரன்ஸைச் சேர்ந்த 17 வயது இளைஞர் ஒருவர் கருகிய துண்டுகளோடு விமானமேறி அந்த 10,000 டாலரை வாங்கினார். பொது இடத்தில் குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. 2009இல் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றின் நேயர்கள்தான் பணம் திரட்டி அதைக் கட்டினார்கள். விளையாட்டாகவே விதிக்கப்பட்ட அபராதம் என்று சொல்வார்கள். ஆனாலும், உன் பொருள் என் மண்ணில் விழுந்தது, அதற்கு நீ பொறுப்பு என்பதை ஒரு சிறிய ஊர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது என்ற வகையில் அது எனக்குப் பெரிய செய்தி.

எங்கே விழும் என்பதை ஏன் சொல்ல முடிவதில்லை? கிரகணத்தை நூறு ஆண்டுக்கு முன்பே நொடி சுத்தமாகக் கணிக்கிறவர்கள் ஒரு செயற்கைக்கோளிடம் ஏன் தோற்கிறார்கள் என்று படித்தவர்களும் கேட்பது உண்டு. பம்பரத்தை நினைத்துக்கொள்ளலாம். தலையாட்டத் தொடங்கிவிட்ட பம்பரம் விழும் என்பது நிச்சயம். எந்த நொடியில், எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. செயற்கைக்கோள் நிலவைப் போலக் காற்றே இல்லாத வெளியில் போவதில்லை. காற்றின் விளிம்பில் உரசிக்கொண்டு போகிறது. அந்தக் காற்றின் அடர்த்தி சூரியனைப் பொறுத்து மணிக்கு மணி மாறுகிறது. செயற்கைக்கோள் தலைகீழாக உருள்கிறதா, நேராகப் போகிறதா என்பதைப் பொறுத்தும் தடை மாறுகிறது. இதனால் மிச்சமிருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை முன்னே பின்னே ஆகலாம் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. விழப் பத்து மணி நேரம் இருக்கும்போது கணித்தால் இரண்டு மணி நேரம் இப்படியோ அப்படியோ போகலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் அது பூமியை ஒரு முறைக்கும் மேல் சுற்றிவிடும், ஏனென்றால் ஒரு சுற்றுக்கு ஆவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். நொடிக்கு ஏழே முக்கால் கிலோமீட்டர் வேகம். கணக்கு ஒரு நிமிடம் பிசகினால் சென்னையில் விழ வேண்டியது மதுரையில் விழும்.

முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்றே ஒன்றுதான்: எந்தெந்த அட்சரேகைகளுக்கு நடுவில் விழும் என்பது. ஸ்கைலாபின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 50 பாகை சாய்ந்திருந்தது. ஆகவே வடக்கே 50 பாகைக்கும் தெற்கே 50 பாகைக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் அதன் கீழ் வந்தது. மனிதகுலத்தின் மிகப்பெரும் பகுதி வாழும் பட்டை அது. தமிழ்நாடும் இலங்கையும் கிட்டத்தட்ட எல்லாச் செயற்கைக்கோள்களின் பாதைக்கும் அடியில்தான் இருக்கின்றன.

மேலிருந்து வரும் பொருள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் உயரத்தில் உடைந்து சிதறத் தொடங்குகிறது. அலுமினியம் விரைவில் உருகிப் போகும். டைட்டானியத்தில் செய்த எரிபொருள் உருளைகள், துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள், கண்ணாடி ஆடிகள் போன்றவை தாக்குப்பிடித்துத் தரைக்கு வருகின்றன. பெரிய பொருள் என்றால் எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை கீழே வரலாம். கிராமங்களில் கண்டெடுக்கப்படும் பொருள்கள் பெரும்பாலும் கரிந்த உருண்டைகளாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஸ்கைலாபுக்கு ஒன்றரை ஆண்டு முன்பு நடந்த ஒன்றை உலகம் அவ்வளவாக நினைவில் வைத்திருக்கவில்லை. என் பார்வையில் இந்தக் கேள்வியின் முழுக் கனமும் அங்கேதான் இருக்கிறது. 1977 செப்டம்பர் 18 அன்று சோவியத் ஒன்றியம் காஸ்மாஸ் 954 என்ற உளவுச் செயற்கைக்கோளை ஏவியது. கடலில் அமெரிக்கப் போர்க்கப்பல்களை ரேடார் கொண்டு கண்காணிப்பது அதன் வேலை. ரேடாருக்கு நிறைய மின்சாரம் வேண்டும், தாழ்வாகவும் பறக்க வேண்டும். அதனால் செறிவூட்டிய யுரேனியத்தில் இயங்கும் ஓர் அணு உலையையே அதில் வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் உலையை மட்டும் பிரித்து, பல நூற்றாண்டுகள் விழாமல் சுற்றக்கூடிய உயரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த ஏற்பாடு பழுதானது. 1978 ஜனவரி 24 அன்று அணு உலையோடு சேர்ந்தே அது கனடாவின் வடமேற்குப் பகுதியில் விழுந்தது.

கடுங்குளிர்காலம். கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து பேக்கர் ஏரியை நோக்கி அறுநூறு கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறல். வெளியுலகம் அதை ஆளில்லாப் பனிவெளி என்று நினைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அது ஆளில்லா வெளி அல்ல. டெனே மக்களும் இனுயிட் மக்களும் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழும் நிலம் அது. தீலான் ஆற்றோரம் குளிர்காலம் முழுதும் தங்கியிருந்த ஆறு பேர் கொண்ட ஒரு சிறு குழுவில் இருவர், பனியில் மான் கொம்பு போல நீட்டிக்கொண்டிருந்த உலோகத்தைத் தற்செயலாகக் கண்டார்கள். அருகிலும் போனார்கள். அது என்னவென்று பிறகுதான் தெரிந்தது.

கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ‘மார்னிங் லைட்’ என்ற பெயரில் தேடுதல் நடத்தின. கதிரியக்க அளவிகளைச் சுமந்த விமானங்கள் பனிப்பரப்பின் மேல் கோடு கோடாகப் பறந்தன. 65 கிலோ அளவுக்குச் சிதறல்கள் கிடைத்தன. அவற்றில் ஏறக்குறைய அனைத்தும் கதிரியக்கம் கொண்டவை, சில மனிதரைக் கொல்லும் அளவுக்கு வீரியம் உள்ளவை. உலையின் எரிபொருளில் பெரும்பகுதி மிகச் சிறு துகள்களாகக் காற்றோடும் பனியோடும் கலந்துவிட்டது.

அந்த ஏரிக்கரை ஊர்களில் வாழ்ந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு உடை அணிந்த படைவீரர்கள் வந்து இறங்குகிறார்கள். கையில் கருவி. பனியைச் சுரண்டிப் பெட்டியில் அடைக்கிறார்கள். ஊராரிடம் ‘ஆபத்தில்லை’ என்கிறார்கள். ஆபத்தில்லை என்றால் இந்த உடை எதற்கு? காரிபு மான்கள் அந்தப் பனிக்கு அடியில் உள்ள பாசியைத் தின்கின்றன, மானை நாங்கள் தின்கிறோம், அதைத் தின்னலாமா, ஏரி மீனைத் தின்னலாமா? கண்ணுக்குத் தெரியாத, வாடை இல்லாத, சூடு இல்லாத ஒரு நஞ்சைப் பற்றி அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்ல அந்த அதிகாரிகளிடம் சொற்கள் இருக்கவில்லை. அங்கே எழுந்த அச்சத்தைப் பதற்றம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது பெரிய அநியாயம். தங்கள் உணவை யாரோ தொலைதூரத்தில் எடுத்த முடிவு தொட்டுவிட்டதே என்ற சரியான புரிதல் அது.

சட்டம் அங்கே ஓரளவு வேலை செய்தது. விண்பொருள்களால் ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பு பற்றி 1972இல் ஐ.நா. வழியாக ஓர் உடன்படிக்கை உருவாகியிருந்தது. அதன் அடிப்படை எளிமையானது, நேர்மையானது. ஒரு நாடு ஏவிய பொருள் பூமியின் பரப்பிலோ பறக்கும் விமானத்துக்கோ சேதம் விளைவித்தால், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையே இல்லை, ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். இந்தியா அதில் இணைந்தது, ஸ்கைலாப் விழுந்த அதே 1979இல். கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. 1981இல் சோவியத் ஒன்றியம் 30 லட்சம் தர ஒப்புக்கொண்டது. உண்மையில் ஆன செலவு கேட்ட தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் முறைப்படி முன்வைத்த இத்தகைய கோரிக்கை என்று சொல்லத்தக்கது இன்றுவரை இது ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. கோரிக்கையை நாடுதான் எழுப்ப முடியும். வயலில் துண்டு விழுந்த விவசாயி தன் அரசின் மூலமாகத்தான் போக வேண்டும். அரசுக்கு அந்த இன்னொரு நாட்டோடு உறவைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். மேலும், சேதம் என்றால் உயிர், உடல், உடைமை. ஒரு பருவம் முழுதும் மான்கறி தின்னப் பயந்து கழித்ததற்கு எந்தத் தலைப்பின் கீழ் இழப்பீடு கேட்பது?

2011ஆம் ஆண்டுக்கு வருவோம். ஒரே இலையுதிர் காலத்தில் இரண்டு பெரிய செயற்கைக்கோள்கள் விழுந்தன. இந்த முறை செய்தி டீக்கடை வழியாக வரவில்லை, கைப்பேசியில் நிமிடத்துக்கு நிமிடம் வந்தது. முதலாவது, மேல் வளிமண்டலத்தையும் ஓசோனையும் ஆராய 1991இல் விண்வெளி ஓடத்தில் ஏறிப்போன நாசாவின் யுஏஆர்எஸ். பேருந்து அளவு, ஏறக்குறைய ஆறு டன். 26 துண்டுகள் தப்பிக் கீழே வரும், அவற்றின் மொத்த எடை 532 கிலோ, யாராவது ஒருவரைத் தாக்கும் வாய்ப்பு 3,200இல் ஒன்று என்று நாசா அறிவித்தது. செப்டம்பர் 24 அன்று அது பசிபிக் கடலில், அமெரிக்க சமோவாவுக்கு அருகே விழுந்தது. அந்த விவரம் உறுதிப்படுவதற்குள் கனடாவின் ஒகோடோக்ஸ் என்ற ஊரில் துண்டுகள் விழுந்துவிட்டதாகச் சமூக ஊடகங்களில் செய்தி பரவி, பொய் என்று பிறகு தெளிந்தது.

அந்த 3,200இல் ஒன்று என்ற எண்ணைப் படித்த பலர் தங்களுக்கு அடிபட அவ்வளவு வாய்ப்பா என்று திடுக்கிட்டார்கள். அது உலகில் எவரோ ஒருவருக்கு அடிபடும் வாய்ப்பு. அன்றைய 700 கோடி மக்களில் குறிப்பிட்ட ஒருவருக்கு என்றால் சுமார் 22 லட்சம் கோடியில் ஒன்று. இரண்டு எண்களுமே உண்மை. முதல் எண் செயற்கைக்கோளை அனுப்பியவர் பார்க்க வேண்டியது, தன் செயலால் மனிதகுலத்தின் மேல் சுமத்தும் மொத்த ஆபத்தை அது சொல்கிறது. இரண்டாவது எண் வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியது, இன்று வெளியே போகலாமா என்பதற்கு அது விடை. அறிக்கைகள் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டன, சில சமயம் இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறைத்தன. எதைச் சொன்னாலும் பாதிதான் சொன்னதாகும்.

இரண்டாவது செயற்கைக்கோள் நமக்கு மிக அருகில் விழுந்தது. ஜெர்மனியின் ரோசாட், வானத்தை எக்ஸ் கதிர்களில் படம்பிடிக்க 1990இல் போனது, 1999இல் செயலிழந்தது. எடை 2.4 டன்தான். ஆனால் அதன் உள்ளே வெப்பத்தைத் தாங்கும் கனமான கண்ணாடி ஆடிகள் இருந்ததால் 1.7 டன் வரை தரைக்கு வரலாம் என்றும், யாரையாவது தாக்கும் வாய்ப்பு 2,000இல் ஒன்று என்றும் ஜெர்மன் விண்வெளி மையம் சொன்னது. 2011 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. தெருக்களில் துணிக்கடைக் கூட்டம். இந்திய நேரப்படி காலை ஏறக்குறைய ஏழே கால் மணிக்கு ரோசாட் வங்கக் கடலின் மேல் வளிமண்டலத்தில் நுழைந்து உடைந்தது. அது வங்கக் கடல்தான் என்பதே கணக்குப் போட்ட பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. அதன் பாதை அடுத்து மியான்மர் வழியாகச் சீனாவை நோக்கிப் போனது. இன்னும் சில நிமிடங்கள் தாக்குப்பிடித்திருந்தால் கோடிக்கணக்கானவர்கள் வாழும் நிலத்தின் மேல் அந்த ஆடிகள் இறங்கியிருக்கும்.

கடல் பெரிது, பூமியில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் பயமில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்படுகிறது. வங்கக் கடலைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் அப்படியே இனிக்காது. அங்கே எப்போதும் யாராவது வலையோடு இருக்கிறார்கள். கடலில் விழுந்தது என்றால் யாரும் இல்லாத இடத்தில் விழுந்தது என்று பொருளல்ல.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2018 ஏப்ரலில் சீனாவின் எட்டரை டன் தியாங்கோங் 1 கட்டுப்பாடிழந்து தென் பசிபிக்கில் விழுந்தது. 2021 மே மாதம் சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் பெரும் உடல் மாலத்தீவுக்கு அருகில் இறங்கியது. 1972இல் வெள்ளிக் கோளுக்குப் புறப்பட்டுப் பூமியைத் தாண்டாமலேயே நின்றுபோன காஸ்மாஸ் 482இன் இறங்கு கலம் 53 ஆண்டுகள் சுற்றிவிட்டு 2025 மே 10 அன்று விழுந்தது. இந்தியப் பெருங்கடலில், ஜகார்த்தாவுக்கு மேற்கே என்று ரஷ்யா சொன்னது. அனுப்பிய சோவியத் ஒன்றியம் மறைந்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

மக்களின் எதிர்வினை பற்றிப் பேசும்போது கீவ் நகரத்தை விட்டுவிட முடியாது. 2023 ஏப்ரல் 19 இரவு உக்ரைன் தலைநகரின் வானம் திடீரென்று வெளிச்சமானது. போர் நடக்கும் நாடு. ஏவுகணை என்றே யாரும் நினைப்பார்கள். வான் தாக்குதல் எச்சரிக்கையும் ஒலித்தது. அன்றைக்கு விழ வேண்டியிருந்த நாசாவின் ரெஸ்ஸி செயற்கைக்கோள்தான் அது என்று நகர நிர்வாகம் அறிவித்தது. நாசா மறுத்தது. ரெஸ்ஸி அந்த நேரத்தில் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது, சில மணி நேரம் கழித்து சஹாரா பாலைவனத்தின் மேல் விழுந்தது. கீவ் மக்கள் கண்டது விண்கல்லாக இருக்கலாம். குண்டுக்குப் பயந்து கிடந்தவர்களுக்கு விழும் செயற்கைக்கோள் என்ற செய்தி ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்தியாவுக்குள்ளும் துண்டுகள் விழுந்திருக்கின்றன. 2022 ஏப்ரல் 2, மராத்தியப் புத்தாண்டான குடி பாட்வா நாள். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டம், சிந்தேவாஹி வட்டம். இருட்டிய வானத்தில் நெருப்புக் கோடுகள் வரிசையாக ஓடின. மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும்கூட மக்கள் பார்த்தார்கள், எரிகல் மழை என்றே பலர் நினைத்தார்கள். லாட்போரி கிராமத்தில் மூன்று மீட்டர் அகல உலோக வளையம் ஒன்று வெட்டவெளியில் விழுந்து கிடந்தது. சுற்று வட்டாரத்தில் கரிந்த உருண்டைகள் கிடைத்தன. ஊரார் காவல் நிலையத்துக்குச் சொன்னார்கள். ஓராண்டுக்கு முன் சீனா ஏவிய ராக்கெட்டின் பகுதி என்பதுதான் வல்லுநர்களின் கணிப்பு. வீடுகளுக்கு நடுவே விழாதது தற்செயல்.

அடுத்த ஆண்டே காட்சி திரும்பியது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் இரண்டரை மீட்டர் உயரச் செம்பு நிற உருளை ஒன்று கரை ஒதுங்கியது. ஆபத்தான பொருளோ என்று காவல் துறை காவல் போட்டது. காணாமல் போன மலேசிய விமானத்தின் பகுதியாக இருக்குமோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. அது இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் என்று ஆஸ்திரேலிய விண்வெளி முகமை முடிவுக்கு வந்தது, இஸ்ரோவும் ஒப்புக்கொண்டது. ஏவும்போது கழன்று கடலில் விழுவது அதன் இயல்பு, சுற்றுப்பாதையிலிருந்து வந்தது அல்ல. என்றாலும், ஸ்கைலாப் விழுந்த அதே மாநிலத்தின் கரையில் நின்று, இது யாருடையது என்று மக்கள் கேட்டபோது விடை நாமாக இருந்தோம். 1979இல் பயந்த நாடு, இன்று பிறர் பயப்படக் காரணமாகவும் ஆகியிருக்கிறது. இந்த இரட்டை நிலை நமக்குப் பொறுப்பைக் கூட்டுகிறது என்றே நினைக்கிறேன்.

விண்ணிலிருந்து விழுந்த, மனிதர் செய்த பொருளால் ஒருவரும் இறந்ததாக இதுவரை உறுதியான பதிவு இல்லை. 1997இல் அமெரிக்காவின் துல்சாவில் நடைப்பயிற்சி போன ஒரு பெண்ணின் தோளில் ராக்கெட்டின் இலேசான துண்டொன்று வந்து தட்டியது, காயமில்லை. 2024 மார்ச்சில் சர்வதேச விண்வெளி நிலையம் கழற்றிவிட்ட பழைய மின்கலத் தொகுதியின் முக்கால் கிலோ துண்டு ஒன்று புளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையையும் தளத்தையும் துளைத்தது. முழுதும் எரிந்துவிடும் என்று சொல்லப்பட்டிருந்த பொருள் அது.

இதுவரை இல்லை என்பதை வைத்து இனியும் இல்லை என்று சொல்லலாமா? கனடா ஆய்வாளர்கள் 2022இல் ‘நேச்சர் அஸ்ட்ரானமி’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கட்டுப்பாடில்லாமல் விழும் ராக்கெட் உடல்களால் மட்டும் அடுத்த பத்தாண்டில் ஒருவராவது பாதிக்கப்பட ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்றார்கள். அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு, அந்த ஆபத்து எங்கே குவிகிறது என்பது. நியூயார்க், பெய்ஜிங், மாஸ்கோ இருக்கும் அட்சரேகைகளைவிட ஜகார்த்தா, டாக்கா, லாகோஸ் இருக்கும் அட்சரேகைகளில் துண்டு விழும் வாய்ப்பு குறைந்தது மூன்று மடங்கு. ராக்கெட்டுகளை விட்டுச்செல்லும் பாதைகளின் சாய்வு அப்படி. ஏவுகிறவர்கள் வடக்கே இருக்கிறார்கள், கீழே நிற்பவர்கள் வெப்ப மண்டலத்தில் இருக்கிறார்கள். ஐவரி கோஸ்டின் மஹூனூ கிராமத்தில் 2020இல் வந்து விழுந்த நீண்ட குழாயையும், 2024இன் கடைசி நாட்களில் கென்யாவின் முக்குக்கு கிராமத்தில் விழுந்த பெரும் உலோக வளையத்தையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. எரிபொருளை மிச்சம் வைத்து, இறக்கும் இடத்தைத் தேர்ந்து, கட்டுப்பாட்டோடு இறக்கலாம். 2001 மார்ச்சில் ஏறக்குறைய 130 டன் மீர் நிலையத்தை ரஷ்யர்கள் அப்படித்தான் தென் பசிபிக்கில், எந்தக் கரையிலிருந்தும் வெகுதூரத்தில் இறக்கினார்கள். 420 டன் சர்வதேச விண்வெளி நிலையத்தை இறக்குவதற்கென்றே ஒரு கலம் செய்ய நாசா 2024இல் 84 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் போட்டது. செலவுதான் தடை. இறங்கும்போது செலவழிக்க வேண்டிய எரிபொருளை மேலே இருக்கும்போது செலவழித்தால் இன்னும் சில ஆண்டு வேலை வாங்கலாமே என்ற சபலம் எல்லோருக்கும் உண்டு. முழுதும் எரிந்துபோகும்படி செய்துவிடுவது இன்னொரு வழி. அதிலும் இப்போது ஒரு கேள்வி முளைத்திருக்கிறது. அடுக்கு மண்டலத்தில் மிதக்கும் கந்தக அமிலத் துகள்களில் பத்தில் ஒரு பங்கில், எரிந்த செயற்கைக்கோள்களிலிருந்தும் ராக்கெட்டுகளிலிருந்தும் வந்த அலுமினியமும் பிற உலோகங்களும் கலந்திருப்பதாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆயிரக்கணக்கில் சிறு செயற்கைக்கோள்களை ஏவி எரிக்கும் காலத்தில், அது ஓசோனை என்ன செய்யும் என்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை.

கட்டுப்பாட்டோடு இறக்குவதற்கு நம்மிடமே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேகா டிராபிக்ஸ் 1 என்ற செயற்கைக்கோளை இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று, ரோசாட் வங்கக் கடலில் விழுவதற்குப் பதினொரு நாள் முன்பு, ஏவின. வெப்ப மண்டலத்தின் மழையையும் மேகங்களையும் பார்ப்பது அதன் வேலை. ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடை. கட்டுப்பாட்டோடு இறக்குவதற்கென்று அது வடிவமைக்கப்படவில்லை. வேலை முடிந்தபோது அதில் சுமார் 125 கிலோ எரிபொருள் மிச்சமிருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து பொறியாளர்கள் சிறிது சிறிதாக அதன் பாதையைத் தாழ்த்தினார்கள். 2023 மார்ச் 7 அன்று, கடைசி இரண்டு முறை, உந்திகளை இருபது நிமிடம் போல எரிய விட்டார்கள். பசிபிக் பெருங்கடலில் ஆளில்லாத, முன்பே குறித்துவைத்த ஒரு நீண்ட பட்டையின் மேல் அது உடைந்து இறங்கியது. எங்கே விழும் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் சொல்லியிருக்க முடியும்.